கடலில் காணாமல்போன கணவர்: ஏழு வருடம் காத்திருக்கத்தான் வேண்டுமா?

வாசகரின் கடிதம்

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து 34 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவர் வெளிநாட்டுக் கொடி கொண்ட சரக்குக் கப்பலில் ஃபிட்டர். மும்பை ஏஜென்ட் மூலம் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் ஏறியவர். 14 மாதங்களுக்கு முன், செங்கடலில் போகும்போது காலை ஒன்பது மணி அளவில் ஆளில்லாத வெடிபடகு ஒன்று கப்பலின் பின்பக்கத்தில் மோதி, இன்ஜின் ரூமில் தண்ணீர் புகுந்துவிட்டது. மற்ற எல்லோரையும் ஒரு போர்க்கப்பல் மீட்டது. ஆள் எண்ணியபோது இவர் மட்டும் இல்லை. மூன்றாம் நாள் கப்பல் மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை.

ஏஜென்ட் முதலில் அனுப்பிய கடிதத்தில் ‘காணவில்லை’ என்று இருந்தது. நான்கு மாதத்துக்கு முன் வந்த மின்னஞ்சலில் ‘இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது’ என்று மாறியிருக்கிறது. தாக்குதல் நடந்த நாளோடு சம்பளம் நின்றது. 11 வயதில் மகள், 6 வயதில் மகன், வீட்டுக் கடன், கணவனை இழந்த மாமியார். மும்பைக்கு வந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் 25 லட்சம் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். “போர் நடக்கிற இடம், அவரும் சம்மதித்துத்தானே போனார், இதற்கு மேல் சட்டத்தில் வழியில்லை” என்பது அவர் பேச்சு. அலைச்சலைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கொழுந்தன் தன் பெயருக்குப் பவர் கேட்கிறார். இறப்புச் சான்றிதழ் கேட்ட இடத்தில் ஏழு வருடம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். மாமியாரோ மகன் எங்கோ கரை ஒதுங்கி உயிரோடு இருக்கிறான் என்று தினமும் மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். கடிதத்தின் கடைசி வரி: “நான் கையெழுத்துப் போட்டால் நானே அவரைக் கொன்ற மாதிரி ஆகிவிடாதா?”

பதில்

சகோதரி, அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. இறந்தார் என்று நீதிமன்றம் சொல்வது கையில் இருக்கும் சாட்சியத்தை வைத்துச் சொல்லும் முடிவு. அவர் நாளைக்கே வீட்டு வாசலில் வந்து நின்றால் அந்த உத்தரவை ரத்துசெய்ய அதே நீதிமன்றத்துக்குப் போகலாம். வாங்கிய இழப்பீட்டைக் கம்பெனி திருப்பிக் கேட்கலாம், அவ்வளவுதான். நீங்கள் போடுகிற கையெழுத்து, பிள்ளைகளுக்கு அவர் விட்டுப்போன உரிமையைக் கேட்கிற கையெழுத்து.

ஆனால் ஏஜென்ட் நீட்டுகிற தாளில் மட்டும் இப்போதைக்குப் போடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஏழு வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது?

உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை, பாதி சட்டத்தைச் சொன்னார். பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 111-ஆம் பிரிவாக இருக்கிறது. ஒருவரைப் பற்றி ஏழு வருடமாக, வழக்கமாகத் தகவல் வர வேண்டியவர்களுக்கு எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. வீட்டைவிட்டுச் சொல்லாமல் போனவருக்கு, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தவருக்கு, என்ன ஆனார் என்று யாருக்குமே தெரியாதவருக்கு உதவுவதற்காக வைத்த ஊகம் இது. ஏழு வருடத்துக்குள் ஒருவர் இறந்ததை நிரூபிக்கவே கூடாது என்று அந்தப் பிரிவில் எங்கும் எழுதவில்லை.

உங்கள் கணவர் எப்போது, எந்த இடத்தில், எந்தத் தளத்தில் இருந்தார் என்று சொல்ல ஒரு கப்பல் நிறைய சாட்சிகள் இருக்கிறார்கள். உடல் இல்லாமலே சூழ்நிலைச் சாட்சியங்களை வைத்து இறப்பை நிரூபிக்கலாம். உரிமையியல் வழக்கில் கேள்வி ‘எது நடந்திருக்க அதிக வாய்ப்பு’ என்பதுதான். கொலை வழக்கில் கேட்கிற அளவுக்குச் சந்தேகமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. பேரிடர்களில் அரசே இந்த வழியில் போயிருக்கிறது. 2013 உத்தராகண்ட் வெள்ளத்திலும் 2021 சமோலி வெள்ளத்திலும் காணாமல்போனவர்களுக்கு விசாரணை நடத்தி, அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபத்துக்கு 30 நாள் கொடுத்து, ஏழு வருடம் காத்திருக்கச் சொல்லாமல் இறப்புச் சான்றிதழ் வழங்கினார்கள். செங்கடல் சம்பவத்துக்கு அப்படி ஒரு தனி ஏற்பாடு இல்லாததால் நீங்கள் நீதிமன்றம் வழியாகப் போக வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். ஏழு வருடம் காத்திருப்பதில் காலம் மட்டும் வீணாகப் போவதில்லை, வழக்கும் பலவீனமாகும். ஏழு வருட ஊகம் ஒருவர் இறந்துவிட்டார் என்றுதான் சொல்லும். எந்த நாளில் இறந்தார் என்று சொல்லாது. எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. உங்களுக்கு நாள்தான் எல்லாம். தாக்குதல் நடந்த அன்று இறந்தார் என்று நிரூபித்தால் அவர் ஒப்பந்தக் காலத்துக்குள், பணியில், போர் அபாயப் பகுதியில் இறந்தவர். நாள் தெரியாமல் ‘எப்போதோ இறந்தார்’ என்று ஆகிவிட்டால், ஒப்பந்தம் முடிந்த பிறகு இறந்திருக்கலாமே என்று காப்பீட்டாளரின் வக்கீல் கேட்பார். அதற்குள் சாட்சி சொல்லக்கூடிய மாலுமிகளும் பத்துக் கப்பல் மாறிப் பத்துத் திசைக்குப் போயிருப்பார்கள்.

முதலில் கேட்டு வாங்க வேண்டியவை

வழக்கின் உயிர் ஏஜென்ட்டிடமும் கப்பல் முதலாளியிடமும் இருக்கும் தாள்களில் இருக்கிறது. மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும் மாலுமிகளின் பதிவுகளைக் கவனிக்கும் அரசு அதிகாரியான சென்னை ஷிப்பிங் மாஸ்டருக்கும் நகல் போகட்டும். கணவரின் இன்டோஸ் எண்ணையும் (இந்திய மாலுமிகள் பதிவேட்டு எண்) சி.டி.சி. எண்ணையும் (மாலுமியின் பணிப் பதிவுப் புத்தக எண்) கடிதத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். அவை இல்லாத கடிதம் மேஜை மேஜையாகச் சுற்றும். சி.டி.சி. அவரோடு கடலுக்குள் போயிருக்கும். பழைய நகலோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமோ போதும். கேட்க வேண்டியவை இவை:

பணி ஒப்பந்தமும், அது எந்தக் கூட்டு ஒப்பந்தத்தின் (மாலுமிச் சங்கமும் முதலாளியும் செய்துகொள்வது) கீழ் வருகிறது என்ற விவரமும். ஒப்பந்தம் இரண்டே பக்கம் இருக்கும், இழப்பீட்டுத் தொகை அதில் இருக்காது. ‘கூட்டு ஒப்பந்தத்தின்படி’ என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அந்தக் கூட்டு ஒப்பந்தத்தின் முழுப் பிரதியையும் இணைப்புகளோடு கேளுங்கள். தொகைப் பட்டியல் பின்னிணைப்பில்தான் இருக்கும்.

இழப்பீட்டுக்கான நிதிப் பாதுகாப்புச் சான்றிதழ். மாலுமிகளின் உரிமைகளுக்கான சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் 2014 திருத்தம் 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, மாலுமி இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ ஒப்பந்தத் தொகையைக் கொடுக்கக் காப்பீடு இருக்கிறது என்ற சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். கப்பலின் பெயர், பதிவுத் துறைமுகம், ஐ.எம்.ஓ. எண் (கப்பலின் நிரந்தர அடையாள எண்), காப்பீட்டாளரின் பெயர், முகவரி, மாலுமிகளின் கோரிக்கைக்கு யாரைத் தொடர்புகொள்வது, எதுவரை செல்லும் என்பதெல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருக்கும். சுவரில் மாட்டியது கடலுக்குள் போய்விட்டது, ஆனால் நகல் கம்பெனியிடம் கட்டாயம் இருக்கும். மீண்டு வந்த மாலுமி யாராவது போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.

அன்றைய ஆள் பட்டியல், கேப்டனின் அறிக்கை, சீஃப் இன்ஜினியரின் அறிக்கை, மஸ்டர் (ஆள் எண்ணிக்கை) எடுத்த பதிவு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபிட்டர் பொதுவாக வாட்ச்சில் (முறை வைத்துப் பார்க்கும் காவல் பணியில்) நிற்பவர் அல்ல, காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை பகல் வேலை பார்ப்பவர். ஒன்பது மணிக்கு அவர் எங்கே இருக்க வேண்டும் என்பதை அன்று காலை சீஃப் இன்ஜினியரோ செகண்ட் இன்ஜினியரோ கொடுத்த வேலைப் பங்கீடு காட்டும். ‘அவர் கீழே பியூரிஃபையர் ரூமில் (எண்ணெய் சுத்திகரிக்கும் அறையில்) இருந்தார்’ என்று அவரோடு இருந்த ஒரு மோட்டார்மேன் (இன்ஜின் ரூம் ஊழியர்) கையெழுத்திட்டுச் சொன்னால் உங்கள் வழக்கில் முக்கால்வாசி முடிந்தது. அந்தச் சாட்சியை இந்த மாதமே எழுதி வாங்குங்கள். அவர் இந்தியராக இருந்தால் இங்குள்ள நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் போதும். வெளிநாட்டவரானால் அவர் நாட்டில் நோட்டரி செய்து அப்போஸ்டில் முத்திரையோடு (வெளிநாட்டில் செல்லும்படி அந்த அரசு வைக்கும் சான்று) அனுப்பச் சொல்லுங்கள்.

பயணத் தரவுப் பதிவுக் கருவியும் உண்டு. கப்பலின் கறுப்புப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் மூழ்கினால் தானாகக் கழன்று மிதக்கும் பகுதி ஒன்று புதிய கருவிகளில் இருக்கும். அதில் கடைசி 48 மணி நேரப் பிரிட்ஜ் (கப்பலை இயக்கும் அறை) உரையாடல் இருக்கும். கிடைத்ததா இல்லையா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். தாக்குதலுக்கும் மூழ்கியதற்கும் இடையில் மூன்று நாள் இருந்ததே, அந்த நாட்களில் ஆளைத் தேட யார் கப்பலுக்குள் போனார்கள், எதுவரை போக முடிந்தது என்பதையும் கேளுங்கள். இன்ஜின் ரூம் முழுக்கத் தண்ணீர் நின்றதை இழுவைக் கப்பல்காரர்களோ மீட்புக் குழுவோ எழுதி வைத்திருந்தால், அது உங்கள் மாமியாரின் கேள்விக்கும் பதில், நீதிபதியின் கேள்விக்கும் பதில்.

பிரிட்டிஷ் கடற்படை நடத்தும் யு.கே.எம்.டி.ஓ. அமைப்பு அந்தப் பகுதித் தாக்குதல்களை நாள், நேரம், இடத்தோடு அறிவிப்பாக வெளியிடும். அன்றைய அறிவிப்பைப் பிரதி எடுங்கள். மாலுமிகள் எந்தத் துறைமுகத்தில் இறக்கப்பட்டார்களோ, அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்கும் எழுதுங்கள். உள்ளூர் காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சம்பவம் எங்கள் எல்லையில் இல்லை என்பார்கள். தகவலாகப் பதிவு செய்யுங்கள் என்று எழுத்தில் கொடுங்கள். பின்னால் எல்லா அலுவலகமும் முதலில் கேட்கப்போவது அந்த ரசீதைத்தான்.

கப்பல் எந்த நாட்டுக் கொடியோ அந்த நாடு விபத்து விசாரணை நடத்தி அறிக்கை தரும் என்று சிலர் சொல்லியிருப்பார்கள். அதை நம்பி உட்கார வேண்டாம். சர்வதேச விதியில் ‘கடல் விபத்து’ என்ற சொல்லுக்கு, தீங்கு செய்யும் நோக்கத்தோடு வேண்டுமென்றே செய்த செயல் அடங்காது. எனவே போர்த் தாக்குதலில் வழக்கமான விபத்து விசாரணை நடந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நடந்தால் நல்லது.

அந்த 25 லட்சத் தாள்

அந்தத் தாளுக்கு ‘ரசீதும் விடுவிப்பும்’ என்று பெயர். ரசீது தவறில்லை. வாங்கிய பணத்துக்குக் கையெழுத்துப் போடத்தான் வேண்டும். விடுவிப்பில்தான் சிக்கல். ‘முழுமையான, இறுதியான தீர்வாக’, ‘முதலாளி, மேலாளர், ஏஜென்ட், காப்பீட்டாளர் எவர் மீதும் எந்த நாட்டிலும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’, ‘பிள்ளைகள் சார்பாகவும்’ என்ற மூன்று வரிகளில் எது இருந்தாலும் பேனாவை மூடி வையுங்கள்.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இதில் உங்கள் பக்கம் நிற்கிறது. ஒப்பந்தத் தொகையை முழுமையாகவும் தாமதமின்றியும் கொடுக்க வேண்டும். அதற்குக் குறைவாக வாங்கிக்கொள்ளும்படி நெருக்கக் கூடாது. அந்தப் பணத்தை வாங்குவதால் மற்றச் சட்ட உரிமைகள் போய்விடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. பின்னால் வேறு வழக்கில் பணம் கிடைத்தால் இதைக் கழித்துக்கொள்ளலாம், அது நியாயம்தான். உடன்படிக்கையிலேயே மாதிரி ரசீதுப் படிவம் ஒன்று இருக்கிறது. அந்தப் படிவத்தில் கொடுங்கள், போடுகிறேன் என்று எழுதுங்கள். மாலுமியின் நெருங்கிய உறவினர் காப்பீட்டாளரிடம் நேரடியாகவே கேட்கலாம் என்பதும் அதில் உண்டு. நான் மேலே சான்றிதழைப் பற்றி இவ்வளவு எழுதியது அதற்காகத்தான்: அந்தப் பக்கம் கையில் இருந்தால் ஏஜென்ட் நடுவில் தேவையில்லை.

இனி அவர் சொன்ன இரண்டு வாதங்கள். போர் என்பதால் பணம் இல்லை என்பது தவறு. கூட்டு ஒப்பந்தங்களில் இறப்பு இழப்பீடு யாருடைய தவறு என்று பார்த்துக் கொடுப்பதல்ல. பணியிலிருக்கும்போது இறந்தார் என்பதே போதும். கப்பலின் சாதாரண பி அண்ட் ஐ காப்பீட்டில் (முதலாளியின் பொறுப்புகளுக்கான காப்பீடு) போர் அபாயம் விலக்கப்பட்டிருக்கும் என்பது உண்மை. அதனால்தான் முதலாளிகள் போர் அபாயக் காப்பீடு தனியாக எடுப்பார்கள். இரண்டு காப்பீட்டாளர்களில் யார் தருவது என்று அவர்களுக்குள் இழுபறி நடக்கும், உங்கள் காரியம் தாமதமாவதற்கு வெளியே சொல்லாத காரணம் பெரும்பாலும் இதுதான். அது அவர்கள் பாடு. சான்றிதழில் பெயர் உள்ளவரிடம் நீங்கள் கேளுங்கள்.

அவர் சம்மதித்துப் போனார் என்ற வாதம் இன்னும் மோசம். சர்வதேச மாலுமிச் சங்கங்களும் முதலாளிகளும் செய்துகொண்ட ஐ.பி.எஃப். ஒப்பந்தத்தில் ‘போர் நடவடிக்கைப் பகுதி’ என்று அறிவிக்கப்பட்ட கடலுக்குள் போக மறுக்கும் உரிமை மாலுமிக்கு உண்டு. மறுத்தால் கம்பெனிச் செலவில் ஊருக்கு அனுப்பி இரண்டு மாத அடிப்படைச் சம்பளம் தர வேண்டும். போகச் சம்மதித்தால் அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான ஊக்கத்தொகை, குறைந்தது ஐந்து நாளுக்கு. இறப்பு, ஊன இழப்பீடு இரண்டு மடங்கு. சம்மதம்தான் தொகையை இரட்டிப்பாக்குகிறது! அவருடைய கப்பல் இந்த ஒப்பந்தத்துக்குள் வருகிறதா, அன்று கப்பல் நின்ற இடம் அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் இருந்ததா என்ற இரண்டைத்தான் நீங்கள் நிரூபிக்க வேண்டும். இந்த வகை ஒப்பந்தங்களில் இறப்புக்கான அடிப்படைத் தொகை போக, வயது வரம்புக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் தொகை உண்டு, நான்கு பிள்ளைகள் வரை. 25 லட்சம் எந்தக் கணக்கில் வந்தது, இரண்டு பிள்ளைகளின் தொகை எந்த வரியில் இருக்கிறது, இரட்டிப்பு எங்கே என்று கேட்டு எழுதுங்கள். பதில் வரும் வேகத்திலேயே விஷயம் புரிந்துவிடும்.

சம்பளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டாம் உலகப் போரில் 1941 மே வரை, கப்பல் மூழ்கிய நாளோடு பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமியின் சம்பளம் நின்றுவிடும். உயிர்ப்படகில் துடுப்புப் போட்ட நாட்களுக்குக் கூலி இல்லை. அந்தக் காலத்தில் இருந்துகொண்டு பேசுகிறார் உங்கள் ஏஜென்ட். இன்றைய உடன்படிக்கையில் கப்பல் மூழ்கியதால் வேலை இழந்த மாலுமிக்குச் சம்பள விகிதத்தில் ஈடு உண்டு, அதை இரண்டு மாதச் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்ள அனுமதி இருக்கிறது. கம்பெனியே ‘காணவில்லை’ என்று எழுதிய மாதங்களுக்குச் சம்பளம் ஓட வேண்டும் என்றும் வாதிடலாம். ஆனால் அதில் ஒரு முரண்பாடு இருப்பதைக் கவனியுங்கள். தாக்குதல் அன்றே இறந்தார் என்று ஒரு பக்கமும், அதன் பிறகும் சம்பளம் கொடு என்று இன்னொரு பக்கமும் கேட்டால் நீதிபதி புருவத்தை உயர்த்துவார். பெரிய தொகை இழப்பீட்டில்தான் இருக்கிறது. சம்பள வாதத்துக்காக அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. தாக்குதல் நாள் வரையான சம்பளம், விடுப்புச் சம்பளம், போர்ப் பகுதி ஊக்கத்தொகை ஆகியவற்றை உடனே கேளுங்கள். இவற்றில் தகராறுக்கு இடமே இல்லை.

காலக்கெடு

சம்பவம் நடந்தபோது நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு மாலுமிகளுக்கென்றே உள்ளது. மாலுமி இறந்த செய்தி கிடைத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்கிறது. 14 மாதமாகிவிட்டதே என்று பதற வேண்டாம். உங்களுக்கு முதலில் வந்தது ‘காணவில்லை’ என்ற கடிதம். ‘இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது’ என்ற மின்னஞ்சல் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அந்த நாளிலிருந்து எண்ணினால் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும், இந்தச் சட்டத்தின் கீழ் கோரிக்கையை விசாரிக்கும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. அதற்காக எட்டாவது மாதம் வரை இழுக்காதீர்கள். வெளிநாட்டுக் கொடிக் கப்பலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆள் எடுத்தது இந்தியாவில் பதிவான கம்பெனி என்பது நம் பதில். வெல்லுமா என்று உறுதி சொல்ல மாட்டேன். ஒப்பந்த இழப்பீட்டை முதல் வழியாகவும் இதை இரண்டாவது வழியாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலையே பிடித்து வைக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால்: கப்பல் வழக்குகளுக்கான 2017-ஆம் ஆண்டு அட்மிரால்டி சட்டத்தில் அதே முதலாளியின் வேறு கப்பல் நம் துறைமுகத்துக்கு வந்தால் தடுத்து நிறுத்தக் கேட்கலாம், சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. நடைமுறையில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு தனிக் கம்பெனி தொடங்கி வைத்திருப்பார்கள். உங்கள் கணவரின் முதலாளிக்குத் தாளில் இருந்த ஒரே கப்பல் கடலடியில் கிடக்கலாம். அதை நம்பி வக்கீல் செலவு செய்யாதீர்கள்.

நீதிமன்ற வழி

உங்கள் ஊர் எல்லைக்குட்பட்ட உரிமையியல் நீதிமன்றத்தில், கணவர் இன்ன நாளில் இறந்தார் என்று அறிவிக்கவும், பிறப்பு இறப்புப் பதிவாளருக்கு உத்தரவிடவும் கேட்டு வழக்குப் போட வேண்டும். மனுவில் நாளைக் கட்டாயம் கேளுங்கள். ‘இறந்துவிட்டார் என அறிவிக்க’ என்று மட்டும் கேட்டு, நாள் இல்லாத தீர்ப்பு வாங்கி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நீங்களும் பிள்ளைகளும் வாதிகள். பதிவாளர், ஏஜென்ட் கம்பெனி, மாமியார் பிரதிவாதிகள். மாமியாரைப் பிரதிவாதியாகச் சேர்ப்பது அவரோடு சண்டைக்கு அல்ல. மகன் இறந்தான் என்று அவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டியிருக்காது என்பதற்காகவே அந்த இடம். இதை வழக்குப் போடும் முன்பே உட்கார்ந்து அவரிடம் சொல்லிவிடுங்கள். நீதிமன்றச் சம்மன் தபால்காரர் கையால் முதலில் வந்து சேரக் கூடாது.

வக்கீல் செலவுக்கு நகையை வைக்க வேண்டாம். 1987 சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். கப்பல் ஒப்பந்தம் பார்த்துப் பழகிய வக்கீலாகக் கேளுங்கள். கிடைத்த தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுகிறவரிடம் போகாதீர்கள்.

பணம் யாருக்கு?

கொழுந்தனுக்குப் பவர் வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். பொது அதிகாரப் பத்திரம் கொடுத்தால் அவர் போடுகிற கையெழுத்து உங்கள் கையெழுத்து, அந்த விடுவிப்புத் தாள் உட்பட. உதவிக்குக் கூட வரட்டும், பேசட்டும். பணம் உங்கள் கணக்குக்கும் பிள்ளைகள் பெயரிலான வைப்புக்கும்தான் நேராக வர வேண்டும்.

மாமியாருக்கு ஒன்றும் கிடையாது என்று நீங்கள் எழுதியிருப்பது பாதிதான் சரி. நீங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கு இல்லை. இந்துக் குடும்பமாக இருந்தால் தாயும் மனைவி, பிள்ளைகளோடு சம பங்காளி. ஆனால் இந்தக் கணக்கு அவருடைய சொத்துக்கும் பாக்கிச் சம்பளத்துக்கும்தான். 1923 சட்டத்தின் இழப்பீட்டில் கணவனை இழந்த தாயும் சார்ந்திருப்பவர்; ஆணையர் அவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம். கம்பெனி ஒப்பந்தத்தில் நெருங்கிய உறவினர் என்று அவர் யார் பெயரை எழுதிக் கொடுத்தார் என்பதையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் கப்பல் ஏறியவர்கள் பலர் அம்மா பெயரை எழுதிவிட்டு, பிறகு மாற்ற மறந்திருப்பார்கள். அப்படி இருந்தால் மாமியாரோடு இப்போதே ஓர் எழுத்து உடன்பாடு செய்துகொள்வது எந்த வழக்கையும்விட மலிவு.

சீமென்ஸ் பிராவிடன்ட் ஃபண்டில் அவர் பெயர் இருக்கிறதா, மாலுமிகள் சங்கத்தில் உறுப்பினரா என்பதைச் சி.டி.சி. எண் கொடுத்து விசாரியுங்கள். சங்கங்களுக்குத் தனி நிவாரணம் இருக்கும். மாலுமிகள் நல நிதிச் சங்கத்துக்கும் ஒரு மனு போடலாம்.

எல்.ஐ.சி. பாலிசி இருந்தால் பிரீமியத்தை நிறுத்தாதீர்கள். இறப்பை நீதிமன்றம் ஏற்கும்வரை அவர்கள் கணக்கில் அவர் உயிரோடு இருப்பவர். இடையில் பாலிசி காலாவதியானால், பிரீமியம் கட்டாமல் விட்டதால் பாலிசி காலாவதியான, நான் மேலே சொன்ன 2004 வழக்கின் குடும்பத்துக்கு வந்த நிலைதான் வரும். வங்கிக்குக் கம்பெனியின் இரண்டு கடிதங்களையும் இணைத்து எழுதி, தவணையைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்று அசல் கடன் பத்திரத்தில் பாருங்கள். பலர் அதை எடுத்ததே வீட்டில் சொல்வதில்லை.

மாமியாரும் பிள்ளைகளும்

இது என் துறை இல்லை, ஆனாலும் இந்த வழக்குகளில் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970-களில், வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்து இந்த நிலைக்கு ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயர் வைத்தார். உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்றால் ஒரே வீட்டில் ஒருவர் அழுது முடித்திருப்பார், இன்னொருவர் சோறு எடுத்து வைத்துக் காத்திருப்பார். இரண்டும் பைத்தியக்காரத்தனம் இல்லை. மாமியார் மெழுகுவர்த்தி ஏற்றட்டும், நீங்கள் வழக்குப் போடுங்கள். ஒன்று இன்னொன்றுக்குத் தடை இல்லை. அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க இறப்புச் சான்றிதழ் தேவையில்லை, பங்குச் சாமியாரிடம் கேளுங்கள். மகளுக்கு 11 வயது, அவளுக்குத் தெரியும். “அப்பா கப்பலில் இறந்துபோயிருப்பார் என்று நினைக்கிறோம், உடல் கிடைக்கவில்லை” என்று நேராகச் சொல்லுங்கள். பள்ளியில் வேறு யாராவது சொல்வதற்கு முன்.

கடைசியாக ஒன்று. தாக்குதலுக்கு முந்தைய இரவு அவர் அனுப்பிய குரல் செய்தி இன்னும் உங்கள் போனில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த போனை விற்காதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பை அழித்துப் புதிதாக ஏற்றாதீர்கள். காலையில் சீக்கிரம் கீழே இறங்கிப் பம்ப் வேலை பார்க்க வேண்டும் என்று அதில் அவர் சொல்கிறார் அல்லவா? எங்கே இருந்தார் என்பதற்கு அவரே விட்டுப்போன சாட்சி அது. மின்னணுச் சாட்சியத்துக்குப் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின் கீழ் ஒரு சான்று இணைக்க வேண்டும், அதை வக்கீல் தயாரித்துத் தருவார். இப்போதைக்கு அந்தச் செய்தியை மின்னஞ்சலுக்கு ஒரு நகலும் பென் டிரைவில் ஒரு நகலும் எடுத்து வையுங்கள். மாமியார் கேட்க விரும்பினால் நகலிலிருந்து போட்டுக் காட்டுங்கள், போனைக் கையில் கொடுக்க வேண்டாம்.